கூரைக்குள் கொட்டும் பனி

செகண்ட் லைஃபில் புதிதாக வீடு பிடித்தவர்கள் தங்கள் முதல் டிசம்பரில் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வாசலில் பனி பெய்யட்டும் என்று ஆசைப்பட்டு, சந்தையில் ஒரு பனித்தூவியை வாங்கிவந்து மொட்டைமாடி உயரத்தில் நிறுத்துவார்கள். பனி பெய்யும். சொக்க வைக்கும் அழகோடு பெய்யும். கதவைத் திறந்து உள்ளே போனால் கூடத்திலும் பெய்துகொண்டிருக்கும். சோபா மேல், கணப்பு மேல், ஜிகினா சுற்றிய மரத்தின் மேல், கட்டிலின் மேல். கூரையும் சுவரும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அந்த உலகத்தில் பனித்துளிக்கு உடம்பு கிடையாது; பார்ப்பவரின் கணினி தன் திரையில் தூவிக்காட்டும் வெறும் புள்ளி அது. நடுவில் ஒரு கூரை இருக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். தூவியை வீட்டைவிட்டுத் தள்ளி வைத்து, தூவும் வட்டத்தைச் சுருக்கி, ஒன்றுக்கு நான்காக நாலு பக்கமும் நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே மட்டும் விழும்படி நகர்த்தி நகர்த்திச் சரிசெய்வார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. யாருக்கும் குளிராத, எதுவும் நனையாத ஓர் ஊரில் கூடத்துக்குள் பனி விழுந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது? இந்தக் கேள்வியைக் கேட்பவர் அந்த ஊர்க்காரர் அல்ல என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்.

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகம் 2003 ஜூன் 23 அன்று பொதுமக்களுக்குத் திறந்தது. நடத்துவது சான் ஃபிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப். நிறுவியவர் ஃபிலிப் ரோஸ்டேல். அதை விளையாட்டு என்று சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வரும். மதிப்பெண் இல்லை, வெற்றி தோல்வி இல்லை, கொல்ல வேண்டிய அரக்கன் இல்லை. நிறுவனம் தருவது நிலம், கடல், வானம். மிச்சமெல்லாம், சட்டைப் பொத்தானிலிருந்து தேவாலயக் கோபுரம் வரை, உள்ளே வசிப்பவர்கள் செய்தது. செய்து ஒருவருக்கொருவர் விற்றது. அதற்கென்று லிண்டன் டாலர் என்ற பணம் இருக்கிறது. ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 கிடைக்கும். சம்பாதித்ததைத் திருப்பி நிஜ டாலராகவும் மாற்றிக்கொள்ளலாம். 2015இல் மட்டும் வசிப்பவர்கள் இப்படி மாற்றி எடுத்துக்கொண்ட தொகை சுமார் 6 கோடி டாலர் என்று நிறுவனமே சொன்னது. அந்தச் சந்தையில் உடையும் வீட்டுச் சாமானும்தான் முன்வரிசைச் சரக்குகள். அவற்றுக்குக் கிறிஸ்துமஸ்தான் பெரிய சீசன்.

ஹாலோவீன் பூசணிக்காய்கள் இறங்கியதும் ஊர் வெளுக்கத் தொடங்கும். தனி நிலப்பகுதி வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம். தரையின் உயரத்துக்கு ஏற்ப நான்கு விதப் படங்களைத் தரையில் விரிக்கும் வசதி அவர்களுக்கு உண்டு. புல்லை எடுத்துவிட்டுப் பனியைப் போட்டால் ஒரே நொடியில் தீவு முழுதும் பனிக்காடு. பொது நிலப்பரப்பில் சின்ன மனை வைத்திருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை. அவர் பனிப்படலம் ஒன்றை வாங்கி, புல் தெரியாதபடி தன் எல்லைவரை போர்த்துகிறார். பக்கத்து மனைக்காரருக்குக் கிறிஸ்துமஸில் ஆர்வம் இல்லை என்றால், பனி கத்தியால் வெட்டியது போல் வேலியோரம் முடிந்து, அந்தப்பக்கம் தென்னையும் கடற்கரையுமாக வெயில் காயும். செகண்ட் லைஃபின் டிசம்பர் முகம் எனக்கு இதுதான். கம்பெனி விளம்பரப் படங்களில் இது வராது.

ஒரு ஸ்வெட்டர், பல உடம்புகள்

மெய்நிகர் உலகில் உடை என்பது ஆதியிலேயே வந்துவிட்டது. லூகாஸ்ஃபிலிம் 1986இல் கமோடோர் 64 கணினிக்காகச் சோதித்த ஹேபிடேட் உலகில் வசதிகள் மிகக் குறைவு. ஆனால் அங்கேயே தலையைக் கழற்றி வேறு தலை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். உடம்பின் நிறத்தையும் மாற்றலாம். திரையில் கையளவு உருவம் கிடைத்ததுமே மனிதர்கள் முதலில் கேட்டது வேறு முகம்.

செகண்ட் லைஃபின் ஆரம்ப வருடங்களில் உடை என்பது பெயிண்ட். கம்பளி ஸ்வெட்டரின் பின்னல், மடிப்பு, நிழல் எல்லாவற்றையும் ஒரு தட்டைப் படத்தில் வரைந்து ஏற்றினால், அது தோலின் மேல் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு தடித்த கம்பளியாக வரைந்தாலும் உடம்போடு ஒட்டிய பனியன் மாதிரிதான் இருக்கும். 2006இல் வளைந்தாடும் துண்டுகள் வந்தபோது பாவாடைகள் அசையத் தொடங்கின. கிறிஸ்துமஸ் தாத்தாவின் குல்லா நுனி முதல்முறையாகத் தொங்கி ஆடியது. 2007இல் செதுக்கு உருவங்கள் வந்தன. அங்கியின் வெள்ளை ரோம ஓரம் உப்பலாகத் தெரிந்தது. 2011இல் மெஷ் வந்தது. அன்றிலிருந்துதான் துணிக்குத் தனக்கென்று ஒரு வடிவம் கிடைத்தது: தோள் தாண்டி இறங்கும் சால்வை, கழுத்தை மறைக்கும் மடிப்பு, முழங்கை அருகே சுருங்கும் கை.

துணிக்கு வடிவம் வந்ததும் தையல்காரருக்குத் தலைவலி வந்தது. நிறுவனம் தந்த உடம்பு பலருக்குப் பிடிக்கவில்லை. வசிப்பவர்களில் சிலர் தாங்களே நல்ல உடம்புகளைச் செய்து விற்றார்கள். மைட்ரேயா, பெலேசா, ஸ்லிங்க், லெகசி, ரீபார்ன் என்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் இடுப்பு, தோள், மார்பு அளவு வேறு. ஒன்றுக்குத் தைத்தது இன்னொன்றுக்குச் சேராது. வயிறு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கும். ஆகவே, மான் படம் போட்ட ஒரு சிவப்பு ஸ்வெட்டரை விற்க நினைப்பவர் முதலில் மார்வெலஸ் டிசைனர் மென்பொருளில் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று நிஜத் தையல்காரர் போலவே துண்டு துண்டாக வெட்டி, ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிறார். துணி பொம்மையின் மேல் விழுந்து இயல்பாக மடியும் வரை காத்திருக்கிறார். பிறகு அதை பிளெண்டர் என்ற இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுபோய் எடையைக் குறைத்து, எலும்புக்கூட்டோடு இணைத்து, எந்த எலும்பு அசைந்தால் எந்த இடம் இழுபட வேண்டும் என்று வகுக்கிறார். இந்தப் பின்பாதி வேலையை ஒவ்வோர் உடம்புக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நவம்பர் சந்தைக்குச் சரக்கு வர வேண்டுமானால் மழைக்காலத்திலேயே கம்பளி தைக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நிற ஸ்வெட்டரின் விலை பெரும்பாலும் 200 முதல் 300 லிண்டன் டாலர். ஓர் அமெரிக்க டாலரை ஒட்டிய தொகை. எல்லா நிறங்களும் சேர்ந்த மொத்தக் கட்டு வாங்கினால்தான் கடைக்காரருக்கு ஏதாவது மிஞ்சும். அதனால்தான் மிக அழகான பனிமான் பின்னல் மொத்தக் கட்டில் மட்டும் கிடைக்கும்படி ஒளித்து வைப்பார்கள். இந்தத் தந்திரம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் தி.நகர் கண்ணாடி அலமாரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்படக் கூடாது.

வாங்குபவர் பக்கம் இன்னொரு வேடிக்கை. சென்ற வருடத்து ஸ்வெட்டர் இந்த வருடம் சேராது. இத்தனைக்கும் அங்கே யாரும் பலகாரம் தின்று பெருப்பதில்லை. உடம்பையே புது மாடலுக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். புது உடம்புக்குப் பழைய கம்பளியைச் சரிசெய்து தரும் கடைக்காரர்கள் உண்டு. கடையை மூடிவிட்டுப் போனவர்களும் உண்டு.

உடையோடு போகிற சின்னச் சாமான்கள் தனி உலகம். வாயிலிருந்து குளிர் ஆவி வரவைக்கும் ஓர் ஒட்டு. மூக்கு நுனியைச் சிவக்க வைக்கும் ஒப்பனை. கையில் ஆவி பறக்கும் கோகோ கோப்பை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கை தானே உயர்ந்து ஒரு மிடறு குடிக்கவைக்கும். இவற்றையெல்லாம் மாட்டிக்கொண்டு, பின்னல் முடியில் விளக்குச் சரமும் சுற்றி, பெருமையோடு பனிச்சறுக்குத் தளத்துக்குப் போனால் அங்கே ஓர் அவமானம் காத்திருக்கலாம். ஓர் உருவத்தை வரைய அளவுக்கு மீறிய உழைப்பு தேவைப்பட்டால், மற்றவர்களின் கணினி அதை வரைய மறுத்து, ஒற்றை நிறத்தில் மொழுக்கென்ற உருவமாகக் காட்டிவிடும். ஜெல்லி பொம்மை என்பார்கள். அலங்காரம் கூடக் கூட, மற்றவர் கண்ணுக்குத் தெரிவது குறைந்துகொண்டே போகும். அதனால் அனுபவப்பட்ட பெண்கள் விழாவுக்குப் புறப்படும் முன் கண்ணாடி பார்ப்பதில்லை. தங்கள் உருவத்தின் சிக்கல் எண்ணைப் பார்த்துவிட்டு, முதலில் காதணியைக் கழற்றுகிறார்கள்.

குளிரே இல்லாத இடத்தில் கம்பளிக்கு ஏன் இத்தனை பாடு என்று சிரிப்பதற்கு நமக்குத் தகுதி இல்லை. தூத்துக்குடியிலும் சாந்தோமிலும் மின்விசிறிக்குக் கீழே நிற்கும் கிறிஸ்துமஸ் மரத்தில் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, பார்த்தே இராத பனியை வரவழைக்கிறவர்கள் நாம். வியர்வை வழிய வழியக் கம்பளி ஒட்டிய சிவப்பு அங்கியும் தாடியும் அணிந்து மிட்டாய் தரும் தாத்தா நம் தெருவுக்கும் வருகிறார். பெத்லகேமிலிருந்து புறப்பட்ட பண்டிகை, வட ஐரோப்பாவின் குளிர்காலத்தைப் போர்த்திக்கொண்டு வெப்ப நாடுகளுக்கு எப்போதோ வந்துவிட்டது. கணினிக்குள் அது போனது அடுத்த பயணம் மட்டுமே.

351க்குள் ஒரு வீடு

வீட்டு அலங்காரத்துக்கு வருவோம். எனக்குச் சுவை இங்கேதான் அதிகம். எல்லாம் முடியும் என்று நாம் கற்பனை செய்யும் அந்த உலகத்தில், வீட்டுக்காரரின் கையைக் கட்டுவது ஒரு சின்ன எண்.

ஒரு நிலப்பகுதி 256 மீட்டருக்கு 256 மீட்டர்; 65,536 சதுர மீட்டர், சுமார் 16 ஏக்கர். அதில் பழைய கணக்குப்படி 15,000 ப்ரிம்கள் வைக்கலாம். ப்ரிம் என்பது பெட்டி, உருளை, கோளம் போன்ற அடிப்படைத் துண்டு. 512 சதுர மீட்டர் மனை வைத்திருந்தவருக்கு இதில் பங்கு 117. சுவர், கதவு, கட்டில், மேசை, ஜன்னல் திரை எல்லாம் அதற்குள். மரத்தில் தொங்கும் ஒவ்வொரு வண்ணக் குண்டுக்கும் ஒரு ப்ரிம் என்று வைத்தால், ஐம்பது குண்டு தொங்கும் மரம் வீட்டுக் கணக்கில் கிட்டத்தட்டப் பாதியை விழுங்கிவிடும். அந்தக் காலத்தில் டிசம்பர் பிறந்தால் சோபாவும் சாப்பாட்டு மேசையும் கிடங்குக்குப் போகும். மரம் உள்ளே வரும். விருந்தாளிகள் நின்றுகொண்டே வாழ்த்துவார்கள்.

தட்டுப்பாட்டில்தான் கைவேலை பிறந்தது. மரத்தின் படத்தை இரண்டு தட்டைப் பலகைகளில் ஒட்டி, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி நிறுத்தினார்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மரம், செலவு இரண்டு. சீரியல் பல்பு வரிசை முழுவதையும் ஒற்றை நாடாவில் வரைந்து, படத்தை நகர்த்தியே மினுக்கவைத்தார்கள். நிறுவனம் தந்த செடிப் பட்டியலில் குளிர்காலப் பைன் இரண்டு வகையும் குளிர்கால ஆஸ்பென் ஒன்றும் உண்டு. எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் ஒன்றுக்கு ஒரே கணக்கு. பழைய ஊர்க்காரர்களின் தோட்டங்களில் அவை இன்றும் நிற்கின்றன. நவீன மெஷ் மரங்களுக்குப் பக்கத்தில் அவை கந்தலாகத் தெரியும். எனக்கு அவற்றின் மேல் ஒரு தனி மரியாதை.

மெஷ் வந்தபின் கணக்கு தளர்ந்தது. 2019இல் லிண்டன் லேப் பெல்லிசேரியா என்ற புதிய கண்டத்தைத் திறந்தது. படகு வீடு, விக்டோரியன் பாணி வீடு, மரவீடு என்று வகை வகையாக. கட்டண உறுப்பினருக்கு 1,024 சதுர மீட்டர் மனையில் கட்டிய வீடு. அந்த வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் சாமான்களுக்கு 351. சொந்த வீடு கட்டத் தெரியாதவர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே குடிவந்தார்கள். வேலிகள் ஒத்துப்போன, மரங்கள் நிழல் தந்த அந்தத் தெருக்களில்தான் டிசம்பர் அலங்காரம் தெருவோடு சேர்ந்து நடக்கிறது. எதிர்வீட்டில் நட்சத்திரம் ஏறினால் இந்த வீட்டில் மாலை ஏறும். யாரும் போட்டி என்று சொல்வதில்லை.

351 என்பது நிறையத் தெரியும். கடைக்குப் போனால் தெரியாது. கணப்பு 8, மரம் 12, பரிசுப் பெட்டிக் குவியல் 5, கூரை ஓர விளக்கு 14 என்று சின்னச் சின்னதாகக் கரையும். மலிவான கணக்கு காட்டும் சாமானில் வேறு மோசடி இருக்கும்: கிட்டே பார்த்தால் அழகான மரம், நாலடி பின்னே போனால் கிழிந்த முக்கோணங்களாகச் சிதறும். தூரத்தில் தெரியும் வடிவத்தில் கைவைத்துச் செய்தவர் எண்ணைக் குறைத்திருப்பார். நல்ல கடையில் வாங்குபவர்கள் முதலில் பத்தடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள்.

விளக்குக்கும் ஒரு கதை. நெடுங்காலம் அந்த உலகத்தின் படம் வரையும் முறையில் ஒரே நேரத்தில் எட்டு ஒளிமூலங்களுக்குத்தான் இடம். சூரியனுக்கு ஒன்று, சந்திரனுக்கு ஒன்று. மிச்சம் ஆறு. கூடத்தில் ஏழாவது மெழுகுவத்தியை ஏற்றினால் எங்கோ ஒன்று அணையும்; நடக்க நடக்க, கிட்டே இருப்பவை எரிந்து தள்ளி இருப்பவை அணைந்துகொண்டே வரும். பின்னால் வந்த காட்சிமுறை இந்தத் தளையை அவிழ்த்தது. ஆனால் அதற்குள் கடைக்காரர்கள் ஒளி தராத ஒளியைக் கற்றிருந்தார்கள். பல்பை எந்த இருட்டிலும் முழுப் பிரகாசமாகத் தெரியவைத்து, ஓரத்தில் மெல்லிய ஒளிப்புகையைச் சேர்த்தால், கண்ணுக்கு எரிகிறது. சுவரில் மட்டும் வெளிச்சம் விழாது. ஆயிரம் பல்பு வரிசைகளின் ரகசியம் இதுதான். அவற்றைக் காட்ட இருட்டு வேண்டுமே? அங்கே ஒரு நாள் என்பது நாலு மணி நேரம். மூன்று மணி பகல், ஒரு மணி இரவு. அந்த ஒரு மணிக்காகக் காத்திருக்க முடியாதவர்கள் தங்கள் மனைக்கு மட்டும் நிரந்தர இரவைப் பூட்டிவிடுகிறார்கள்.

சாமான்கள் சும்மா இருப்பதும் இல்லை. சோபாவில் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும்: கால் நீட்டி உட்கார், பரிசைப் பிரி, தோளில் சாய், உறங்கு. மரத்தைச் சொடுக்கினால் நம் உருவம் எக்கி எக்கி நட்சத்திரம் மாட்டும். இதே சோபாவைக் குடும்பப் பதிப்பு, பெரியவர்கள் பதிப்பு என்று இரண்டு விலையில் விற்பார்கள். இரண்டாவது எதற்கு என்று வார இதழில் விளக்க வேண்டியதில்லை.

வீட்டை அலங்கரிப்பதையே முழு விளையாட்டாக்கிய வில் ரைட்டை இங்கே நினைக்காமல் போக முடியாது. 1991இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலையைச் சூறையாடிய தீயில் அவர் வீடு போயிற்று. ஒரு குடும்பம் திரும்ப எழ என்னென்ன சாமான் வேண்டும் என்று ஒவ்வொன்றாக வாங்கியபோது தோன்றிய யோசனை, 2000 பிப்ரவரியில் ‘தி சிம்ஸ்’ ஆனது. முதலில் அவர் நினைத்தது கட்டடக்கலை விளையாட்டு. உள்ளே நடமாடும் மனிதர்கள், வீடு வசதியாக இருக்கிறதா என்று மதிப்பிட மட்டும். விளையாடியவர்கள் மனிதர்களைப் பிடித்துக்கொண்டார்கள். நான்காம் பதிப்பு 2014 டிசம்பரில் பண்டிகை அலங்காரப் பொதியை இலவசமாகவே தந்தது.

கொடுத்தால் குறைய வேண்டும்

கணினிக்குள் இருக்கும் எதையும் செலவில்லாமல் ஆயிரம் பிரதி எடுக்கலாம். அப்படியானால் பரிசு என்பது என்ன? எனக்கு இரண்டும் உனக்கு ஒன்றும் என்று பெருகும் பொருளைக் கொடுப்பதில் கொடை எங்கே இருக்கிறது?

செகண்ட் லைஃப் இதற்கு வைத்த விடை சட்டம் போன்றது. ஒவ்வொரு பொருளோடும் மூன்று அனுமதிகள் பயணிக்கும்: பிரதி எடுக்கலாமா, மாற்றலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா. பெரும்பாலான உடைகளும் அறைகலன்களும் பிரதி எடுக்கலாம், ஆனால் கைமாற்ற முடியாது என்ற வகை; கைமாற்ற முடிந்தால் பிரதி எடுக்க முடியாது. இரண்டையும் ஒருசேர மறுக்க அமைப்பு விடாது. ஆகவே தோழிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு சால்வை வாங்க வேண்டுமென்றால், கைமாற்றும் வகையைத் தேட வேண்டும்; கொடுத்த பின் அது நம்மிடம் இருக்காது. அல்லது கடையிலேயே ‘பரிசாக அனுப்பு’ என்று அவர் பெயருக்கு அனுப்பலாம். பல கடைகள் டிசம்பர் முதல் தேதியிலிருந்து 24 பெட்டிகளை வரிசையாக வைத்து, நாளுக்கு ஒன்றாகத் திறந்துவிடும். அன்றே வந்தால் இலவசம், மறுநாள் வந்தால் காசு. அந்த இருபத்துநாலு நாளும் கடைகள் இருக்கும் தீவுகளில் கால் வைக்க இடமிருக்காது.

இந்தத் தட்டுப்பாட்டைச் சூதாக்கியவர்களும் இருந்தார்கள். காச்சா என்ற இயந்திரத்தில் காசு போட்டால் என்ன வரும் என்று தெரியாது. பத்துமுறை போட்டால் ஒன்பது சாதாரணக் கோப்பை, ஓர் அபூர்வப் பனிச்சறுக்கு வண்டி. வந்ததைக் கைமாற்றலாம் என்பதால் பக்கத்திலேயே ஒரு மறுவிற்பனைச் சந்தை கொழித்தது. உலகெங்கும் சட்டங்கள் இறுகுவதைக் காட்டி, 2021 ஆகஸ்ட் இறுதியோடு லிண்டன் லேப் இதைத் தடைசெய்தது. கண்ணீர் விட்டவர்கள் பலர். நல்ல காரியம் என்பேன்.

பண்டிகைப் பொருளின் மதிப்பு எங்கே போய் நிற்கும் என்பதற்கு ரூன்ஸ்கேப்பின் காகிதத் தொப்பி ஒன்று போதும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்த அந்த இணைய விளையாட்டு 2001 கிறிஸ்துமஸுக்கு, ஆங்கிலேயர் விருந்து மேசையில் இழுத்துப் பிரிக்கும் பட்டாசுப் பொட்டலத்தை ஊர் முழுக்கக் கொட்டியது. உள்ளே ஒரு வண்ணக் காகிதத் தொப்பி. போர்க்களத்தில் ஒன்றுக்கும் உதவாது; பலர் தூக்கி எறிந்தார்கள். நிறுவனம் அதை மறுபடி கொட்டவில்லை. வருடங்கள் போகப் போக அதன் விலை, ஒருவர் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய நாணயத்தின் உச்ச எண்ணான 2,147,483,647ஐத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் எண்ணக் கணினிக் கணக்கில் இடமில்லை. வாங்குபவர்கள் நாணயத்தோடு வேறு பொருட்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாளும் கவசமும் அடுத்த பதிப்பில் பழசாகிவிட்டன. கிழிந்துபோக வேண்டிய காகிதம் கிரீடமாகிவிட்டது.

நிஜ உலகின் பெரிய கடைகள் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள நாளானது. 2006இல் அமெரிக்கன் அப்பேரல் செகண்ட் லைஃபில் கடை திறந்தபோது பத்திரிகைகள் கொண்டாடின. மறு வருடமே மூடியது. கடை இருந்தது, பேச ஆள் இல்லை. ஹெர்மன் மில்லர் கொஞ்சம் புத்திசாலி. தன் புகழ்பெற்ற நாற்காலிகளின் போலிகள் உள்ளே விற்பதைப் பார்த்துவிட்டு 2007இல் அசலைக் கொண்டுவந்து இறக்கியது. போலியை அழித்தவர்களுக்கு அசலை மாற்றித் தந்தது. 2021இல் ரோப்லாக்ஸ் உலகில் குச்சி (Gucci) என்ற ஃபேஷன் நிறுவனம் வைத்த கண்காட்சியின் கைப்பை ஒன்று மறுவிற்பனையில் 4,000 டாலருக்கு மேல் போனது. அது நிஜப் பையின் விலையைவிட அதிகம். அதை வைத்துக்கொண்டு யாரும் அந்த உலகத்துக்கு வெளியே போக முடியாது என்று சிரித்தார்கள். நிஜப் பையை வைத்துக்கொண்டு உள்ளே போகவும் முடியாது என்பதை யாரும் சொல்லவில்லை.

பக்கத்து உலகங்கள்

செகண்ட் லைஃபையே பேசிக்கொண்டிருந்தால் குழந்தைகள் கோபிப்பார்கள். கனடாவின் கெலோனாவில் 2005இல் பிறந்த கிளப் பென்குவினில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இக்ளூ. டிசம்பரில் அதை அலங்கரிக்கும் போட்டி. 2007இல் அங்கே இன்னொன்றும் தொடங்கியது. விளையாடிச் சேர்த்த பொய் நாணயங்களைக் குழந்தைகள் மூன்று தொண்டுகளில் பிடித்ததற்குப் போடலாம். அவர்கள் போட்ட விகிதத்தில் நிறுவனம் நிஜமாகவே 10 லட்சம் டாலரைப் பிரித்துக் கொடுத்தது. புதுத் தொப்பி வாங்கச் சேர்த்ததைக் குழந்தைகள் உண்டியலில் போட்டார்கள்.

2020இல் ஊரடங்கோடு வந்தது நின்டெண்டோவின் ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’. மார்ச் 20 அன்று வெளியானது. டிசம்பருக்குள் உலகமே ஒரு தீவில் வீடு கட்டியிருந்தது. அதில் டிசம்பர் 15 முதல் தேவதாரு மரங்களில் விளக்கு எரியும்; உலுக்கினால் வண்ணக் குண்டு விழும்; அதை வைத்து மாலையும் விளக்கும் நாமே செய்யலாம். 24ஆம் தேதி ஜிங்கிள் என்ற கலைமான் வந்து, பரிசுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடு என்று நம் தலையில் கட்டிவிடும். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஆரம்பத்தில் வட அரைக்கோளமா தென் அரைக்கோளமா என்று கேட்பார்கள். தெற்கு என்று சொன்னவருக்குக் கிறிஸ்துமஸில் பனி கிடையாது; புல் பச்சையாகவே இருக்கும். சிட்னிக்காரர்களுக்கு அவர்கள் ஊர்க் கிறிஸ்துமஸை ஒரு விளையாட்டு மதித்துத் தந்தது. பஞ்சு ஒட்டும் நமக்கு அந்தத் தேர்வைக் கொடுத்திருந்தால் எதை எடுத்திருப்போம் என்று தெரியவில்லை. பனியைத்தான் எடுத்திருப்போம் என்று நினைக்கிறேன்.

பண்டிகை என்றால் அலங்காரம் மட்டுமா என்பவர்களுக்கு: செகண்ட் லைஃபின் எபிஃபனி தீவில் 2007 முதல் ஓர் ஆங்கிலிக்கன் தேவாலயம் இருக்கிறது. வாரந்தோறும் வழிபாடு. வீல்சேரில் இருப்பவரும், தேவாலயம் இல்லாத ஊர்க்காரரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரலாம். நம் பக்கத்திலும் இந்த ஆசை எட்டிப்பார்த்ததுண்டு. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டச் சிவலிங்கபுரத்தில் திருமணம் முடித்த ஒரு ஜோடி, ஹாக்வார்ட்ஸ் கோட்டை போன்ற மெய்நிகர் மண்டபத்தில் வரவேற்பு வைத்தது. மறைந்துபோன மணமகளின் தந்தை அங்கே உருவமாக நின்று வந்தவர்களை வரவேற்றார். தொழில்நுட்பத்தைப் பற்றி எவ்வளவோ எழுதினார்கள். எல்லோரும் நினைவில் வைத்தது அந்தத் தந்தையை.

ஜனவரி

அலங்காரத்தை இறக்குவது அங்கே சுலபம் என்று நினைக்கலாம். தொட்டு ‘எடு’ என்றால் பொருள் நம் பெட்டகத்துக்குப் போய்விடும், உடையாது, சிக்காது. ஆனால் அடுத்த டிசம்பரில் வெளியே எடுக்கும்போது எது எங்கே இருந்தது என்று தெரியாது. நாலு பனித்தூவிகளை மறுபடி முதலிலிருந்து நகர்த்த வேண்டும். இதற்கென்றே ஒரு பொட்டலப் பெட்டி விற்கிறார்கள். மொத்த அலங்காரத்தையும் அதற்குள் அடக்கி, அடுத்த வருடம் ஒரு சொடுக்கில் அதே இடத்தில் விரித்துக்கொள்ளலாம். விரித்துப் பார்க்கும்போது மரமும் விளக்கும் அப்படியே நிற்கும். நம் உடம்பு மட்டும் இரண்டு மாடல் மாறியிருக்கும்.

அந்தப் பெட்டிக்கும் ஓர் எல்லை உண்டு: ஊர் இருக்க வேண்டும். கூகுளின் லைவ்லி 2008 ஜூலையில் திறந்து அதே வருடம் டிசம்பர் 31 அன்று மூடிக்கொண்டது. ஒரே ஒரு கிறிஸ்துமஸ். பிளேஸ்டேஷன் ஹோம் 2015 மார்ச்சில் போனது. 2017 மார்ச் இறுதியில் கிளப் பென்குவின் அணைந்தபோது அலங்கரித்த இக்ளூக்கள் எல்லாம் அதோடு போயின. எதையும் எடுத்துக்கொண்டு வெளியேற வழியில்லை. செகண்ட் லைஃப் இருபது வருடம் தாண்டி நிற்கிறது. ஆனால் அங்கும் வாங்கியது எதுவும் நமக்குச் சொந்தம் இல்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே என்று யாரும் படிக்காத ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. லிண்டன் டாலருக்கும் அதே கதி. இதை அங்கே நீண்டகாலம் இருப்பவர்களிடம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தை இறக்கும் முன் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துத் தங்கள் கணினியில் சேமிக்கிறார்கள். அடுத்த வருடம் நண்பர்களுக்கு அனுப்பும் வாழ்த்து அட்டைக்கு அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் படம் ஏற்றும் கட்டணம் நெடுங்காலம் 10 லிண்டன் டாலராக இருந்தது, நம் காசில் சில ரூபாய்.